தலைமை மூக்கு

காப்பியைத் தரம் பார்ப்பவர்கள் அதைக் குடிப்பதில்லை, உறிஞ்சுகிறார்கள். கரண்டியில் எடுத்து, தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற சத்தத்தோடு உள்ளே இழுத்து, வாய் முழுக்கச் சுழற்றி, பிறகு துப்பிவிடுகிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளை இதைச் செய்தால் முதுகில் ஒன்று விழும். காப்பி விளையும் மலைநகரமான மனிசாலெஸின் பல்கலைக்கழகம் ஒன்றிலோ இதற்கென்று தனி அறையும் வெள்ளைக் கோட்டும் உண்டு. அந்த அறைக்குத் தலைவி நொயெமி ஆர்பெலாயெஸ், உணவு அறிவியல் பேராசிரியை. அவள் உறிஞ்சி முடித்து மதிப்பெண் போட்டால், குழுவில் மற்ற ஐந்து பேரும் தங்கள் நாக்கை அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்வார்கள். தலைமை மூக்கு என்று அவளைக் கேலியாகவும் மரியாதையாகவும் அழைத்தார்கள்.

அந்த மூக்குக்கு வாசனை தெரியாது. கொரோனாக் காய்ச்சலோடு போனது, திரும்பி வரவில்லை.

முதலில் அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் காலையில் அடுப்பில் அரேப்பா என்கிற சோள அடை கருகி, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டியபோது, நொயெமி அதே சமையலறையில் உட்கார்ந்து செய்தி படித்துக்கொண்டிருந்தாள். சில வாரத்தில் சரியாகிவிடும் என்று மருத்துவர் சொன்னார். அந்தச் சில வாரத்தை விடுமுறை என்று சொல்லிக் கழித்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எதுவும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் அவள் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போடத் தள்ளிப்போட, சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது.

அவள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அந்த ஊரில் பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனங்களும் கைகோக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பேசினார்கள். அதற்கு ஒரு கூட்டுக்குழு இருந்தது. அந்தக் குழு மாதம் தவறாமல் செய்த ஒரே காரியம் காலை உணவு. முதலாளிகள், "இந்த வாத்தியார்களுக்குக் கட்டுரை எழுதத்தான் தெரியும்" என்பார்கள். வாத்தியார்கள், "இவர்களுக்கு எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்பார்கள். பிறகு எல்லோரும் முட்டைப் பொரியலைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த வழக்கத்தை உடைத்தவள் நொயெமி. த்ரெஸ் லோமாஸ் என்ற காப்பி ஏற்றுமதி நிறுவனத்தை நச்சரித்து இழுத்துவந்து, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு கூட்டு ஆய்வகத்தைத் திறந்தாள். அது பிழைத்தால் பின்னால் பத்து வரும், செத்தால் மறுபடியும் முட்டைப் பொரியல்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆய்வகத்தின் தலைமை மூக்கே செத்துவிட்டது என்று அவள் எந்த வாயால் சொல்வாள்?

அந்த ஆய்வகத்தின் முதல் குழந்தை ஒரு நொதி. காப்பிப் பழத்தைத் தோலுரித்துத் தொட்டியில் புளிக்க வைக்கும்போது, மலைக்கு மலை, வீட்டுக்கு வீடு ருசி மாறும். இந்த நொதியைக் கலந்தால் எல்லாத் தொட்டியும் ஒரே மாதிரி, பழவாசனையோடு புளிக்கும் என்பது நம்பிக்கை. அதைப் பிரித்தெடுத்தவள் நொயெமியின் ஆராய்ச்சி மாணவி லிசெத். அடக்கமான, கூர்மையான பெண். நொதியைப் பெரிய அளவில் தயாரிக்கத் தொழிற்சாலை கட்டவும், அடுத்த அறுவடையில் அதைக் காப்பி பயிரிடும் எல்லாச் சம்சாரிகளின் தொட்டியிலும் ஊற்றவும் நிறுவனம் தயாராக இருந்தது. தரம் பார்க்கும் குழு சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

நொயெமி எப்படிச் சமாளித்தாள்? நாக்கு வேலை செய்தது. புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். மற்றதற்கு அவள் லிசெத்தைப் பார்த்தாள். தரம் பார்க்கும் அறையில் பேசக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்பது விதி. ஆனால் லிசெத் தன்னிடம் படித்தவள். அவள் கரண்டி ஒரு கோப்பைக்கு இரண்டாம் தடவை போகிறதா, புருவம் கொஞ்சம் ஏறுகிறதா என்று நொயெமிக்குப் படிக்கத் தெரியும். அதை வைத்து மதிப்பெண் போட்டாள். பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிற வேலையை ஐம்பது வயதுக்கு மேல் அவள் ஆரம்பித்தாள். அது அவளுக்கு நன்றாகவே வந்தது.

குழுவில் நிறுவனத்தின் சார்பில் இருந்தவர் எவெலியோ ஒகாம்போ. வெளிநாட்டுப் போட்டிகளில் நடுவராக உட்கார்ந்தவர். ஊரில் மரியாதையாகத் தோன் எவெலியோ என்பார்கள். கழுத்தில் பட்டுத்துணி, விரலில் மோதிரம், தன் மூக்கைப் பற்றித் தானே பேசுவதில் கொஞ்சமும் வெட்கமில்லாத மனிதர். "இந்த மூக்கைக் காப்பீடு பண்ணணும்" என்பார். யாராவது சிரித்தால், "நெஜமாத்தான் சொல்றேன்" என்பார். நொயெமிக்கு அவரைப் பிடிக்காது. அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

நொதிக் காப்பியை வைத்த அன்று, எல்லோரும் எழுதி முடித்த பிறகு எவெலியோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"சூடா இருக்கறப்ப ஒண்ணும் தெரியல. ஆறினதும் வருது பாருங்க. பல் டாக்டர் ரூமுக்குள்ள காலெடுத்து வெச்ச மாதிரி, கிராம்பு எண்ணெய். இதப் போய் எல்லாத் தொட்டியிலயும் ஊத்தப் போறீங்களா?"

நொயெமி லிசெத்தைப் பார்த்தாள். லிசெத்தின் முகம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"எனக்குப் படலையே, தோன் எவெலியோ" என்றாள் நொயெமி. அது பொய்யில்லை என்று உடனே தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்துப் பின்னால் அவள் பல தடவை கூசினாள்.

எவெலியோ விடவில்லை. அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் அதையே சொன்னார். ஆய்வகத்து எந்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். அந்த வாடைக்கான பொருள் துளி இருக்கிறது என்று எந்திரம் சொன்னது. அந்தத் துளி ஒரு மனிதனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை எந்திரம் சொல்லாது, மூக்குதான் சொல்ல வேண்டும். மூக்குகளில் ஐந்து ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம். தொடர்ந்து தலைமை மூக்கோடு ஒத்துப்போகாதவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. உலகமெங்கும் உள்ள பழக்கம்தான். இங்கே அதை எழுதிக்கொடுத்தவள் நொயெமி, வாசனை தெரிந்த காலத்தில்.

விதியைக் காட்டி அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. எவெலியோ சண்டை போட்டிருப்பார், பத்திரிகைக்குப் போயிருப்பார், உண்மை எப்படியாவது வெளியே வந்திருக்கும். நொயெமி அவரைத் தனியாக அழைத்து, அன்பாகப் பேசினாள்.

"உங்களுக்கும் காய்ச்சல் வந்துச்சுல்ல? அதுக்கப்புறம் சில பேருக்கு மூக்கு மாறிப்போகுதாம். இல்லாத வாடை அடிக்குமாம். அவங்களுக்கே தெரியாதாம். ஒருதடவ காட்டிப் பாருங்களேன், தோன் எவெலியோ."

ஒவ்வொரு அறிகுறியும் அவளுக்கு மனப்பாடம். தன் வியாதியை அப்படியே எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

எவெலியோ சண்டை போடவில்லை. கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். சில நாள் கழித்து நிறுவனத்தின் மேலாளர் அனிபாலிடம் அவரே போய், "என் மூக்கு போயிடுச்சு. இனிமே என் மார்க்கை நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டார். நொயெமி சொல்லியிருக்க வேண்டியதை, மூக்கு நன்றாக இருந்த மனிதர் சொன்னார். நிறுவனம் அவரைத் தோட்டம் பார்க்க வரும் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டியாகப் போட்டது. தொப்பி வைத்துக்கொண்டு அவர்களோடு படம் எடுத்துக்கொள்வது அவர் வேலையானது.

தொழிற்சாலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் விழா நாள் நெருங்கியது. அனிபால் நொயெமியைக் கூப்பிட்டான்.

"டாக்டர், எவெலியோவை நீங்களே நேர்ல போய்க் கூப்பிடுங்க. பழைய மூக்கு, தலைமை மூக்கு, ரெண்டும் ஒரே மேசையில. பத்திரிகைக்காரங்களுக்கு அல்வா மாதிரி இருக்கும்."

அவள் போனாள். போகும்போது சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். மலைச்சரிவில் ஏறும் தெருவில் அவர் வீடு. மூடுபனி சன்னல்வரை வந்திருந்தது. சன்னல் விளிம்பில் நான்கு சின்னக் குப்பிகள் இருந்தன. என்னவென்று அவள் கேட்கவில்லை. அவள் வீட்டுக் குளியலறை அலமாரியிலும் அதே நான்கு உண்டு. எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ். மூக்கைப் பழக்கித் திரும்பக் கொண்டுவருவதற்குத் தினமும் முகர வேண்டியவை.

எவெலியோ வெல்லம் கரைத்த சுடுநீரும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். கழுத்தில் பட்டுத்துணி இல்லை.

"காப்பி தரலன்னு தப்பா நெனக்காதீங்க. வீட்ல இப்ப போடறதில்ல. போட்டா உறிஞ்சணும்னு தோணும்."

"பரவால்ல" என்றாள்.

"தெனமும் மோந்து பாக்கறேன் டாக்டர். நாலும் தெரியுது. எலுமிச்சை எலுமிச்சையாத்தான் இருக்கு. கிராம்பு கிராம்புதான். அதுதான் பயமா இருக்கு. எதுவும் போகலைன்னே தோணுது. போனதே தெரியாமப் போறது எப்பேர்ப்பட்ட கொடுமை பாருங்க."

அவள் கையிலிருந்த கோப்பையைக் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட. ஊர்ல எத்தன பேரு என்னப் பத்திப் பின்னாடி பேசியிருப்பாங்க. முகத்துக்கு நேரா சொன்னது நீங்க ஒருத்தர்தான். அதுவும் மனசு நோகாம சொன்னீங்க. நான் உங்கள வறட்டு வாத்தியாரம்மான்னு நெனச்சிருந்தேன். தப்பு என் பேர்லதான்."

அந்த இடத்தில் வாயைத் திறக்காதவளை என்ன சொல்லித் திட்டுவது என்று நொயெமிக்கே தெரியவில்லை. விழாவுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னாள். வருகிறேன் என்றார், அவ்வளவு சந்தோஷமாக. தெருவில் இறங்கி நடந்தாள்.

அங்கிருந்து நேரே ஆய்வகத்துக்குப் போனாள். லிசெத் மறுநாள் விழாவுக்கான கோப்பைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். நொயெமி கதவைச் சாத்தினாள். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். மூக்கு போனது, மறைத்தது, எட்டிப் பார்த்து மதிப்பெண் போட்டது, எல்லாவற்றையும்.

"உன் முகத்தப் பாத்துத்தாம்மா நான் எல்லாத்துக்கும் மார்க் போட்டேன்."

லிசெத் கையிலிருந்த கோப்பையை மெதுவாக வைத்தாள்.

"ப்ரொஃபெ, நான் உங்க முகத்தப் பாத்துல்ல போட்டேன்."

"என்னம்மா சொல்ற?"

"மொதத் தடவ எனக்கும் ஏதோ பட்டுச்சு. ஆறினப்புறம், அவர் சொன்னாரே, அதே மாதிரி. உங்களப் பாத்தேன். உங்க மொகத்துல ஒண்ணுமே இல்ல. சரி, என் நொதிங்கறதால நானே பயந்துக்கறேன், எனக்கு இன்னும் நாக்கு பழகலன்னு விட்டுட்டேன். அப்பறம் அது எனக்குப் படவே இல்ல. தேடிப் பாத்தும் படல."

தரம் பார்த்த நாட்களில் என்ன நடந்தது என்பது நொயெமிக்கு இப்போதுதான் விளங்கியது. மற்ற மூன்று பேர் நொயெமியின் மதிப்பெண்ணுக்குத் தங்கள் நாக்கைத் திருத்திக்கொண்டவர்கள். நொயெமி லிசெத்தைப் பார்த்தாள். லிசெத் நொயெமியைப் பார்த்தாள்.

"அப்ப அந்தக் காப்பிய யாருதான் குடிச்சாங்க, ப்ரொஃபெ?"

"எவெலியோ."

லிசெத் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நொயெமிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சொல்லப் போறீங்களா?"

"நீ என்ன சொல்ற?"

"என்னைக் கேக்காதீங்க. சொன்னா என் ஆராய்ச்சி போச்சு, அந்தத் தொழிற்சாலையில எனக்குப் பேசி வெச்ச வேலையும் போச்சு. சொல்லலைன்னா அந்த மனுஷன் சாகறவரைக்கும் குப்பிய மோந்துக்கிட்டு இருப்பாரு. இத்தன நாள் உங்க மொகத்தப் பாத்துத்தான் எல்லாம் செஞ்சேன். இதுக்கும் பாக்க முடியாது."

மறுநாள் காலை நிறுவனத்தின் கூடத்தில் கூட்டுக்குழு மொத்தமும் கூடியிருந்தது. வழக்கம்போல முட்டைப் பொரியல், அரேப்பா, பாலாடைக்கட்டி போட்ட சூடான சாக்லேட். இந்தத் தடவை பத்திரிகைக்காரர்களும் இருந்தார்கள். பல்கலைக்கழகத்து முதல்வர் ஒரு உரை நிகழ்த்தினார். அனிபால் அதைவிட நீளமாக ஒன்று நிகழ்த்தினான். அறிவும் தொழிலும் கல்யாணம் செய்துகொள்கின்றன என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் எவெலியோ பட்டுத்துணி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். லிசெத் கடைசியில், கதவோரம்.

மேடையில் நொதிக் காப்பி ஊற்றிய கோப்பைகள். உரைகள் முடிவதற்குள் அவை ஆறிப்போயிருந்தன. நொயெமி முதல் கரண்டியை உறிஞ்ச வேண்டும், பிறகு கையெழுத்து. அவள் கரண்டியை எடுத்தாள், கோப்பைக்குள் விட்டாள், அப்படியே விட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

"எனக்கு வாசனை தெரியாது" என்றாள். "காய்ச்சல்ல போச்சு. இந்தக் காப்பிக்கு மார்க் போட்டப்பவே எனக்குத் தெரியாது. மறைச்சேன்."

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. அனிபால் சிரித்துக்கொண்டே ஒலிபெருக்கியைப் பிடித்தான். "டாக்டர் நேத்தெல்லாம் தூங்கல போலிருக்கு" என்றான். பிறகு அதைக் கையால் மூடிக்கொண்டு, "என்ன பண்றீங்க? கையெழுத்து முடியட்டும், அப்பறம் எது வேணா பேசிக்கலாம்" என்று பல்லைக் கடித்தான்.

"முடிஞ்சா நொதி எல்லாத் தொட்டிக்கும் போயிடும் அனிபால். தோன் எவெலியோ சொன்னதுதான் சரி. அவர் மூக்குக்கு ஒண்ணும் ஆகல. போனது என் மூக்கு. நான்தான் அத அவர் தலையில கட்டினேன்."

கதவோரத்தில் லிசெத் எழுந்து நின்றாள். "நானும் சரியாப் பாக்கல. அந்த வாடை எனக்கும் வந்துச்சு, சொல்லாம விட்டேன்" என்றாள். அது கூடம் முழுக்கக் கேட்டது. முதல்வர் தன் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் தங்கள் பேனாவைத் திறந்தார்கள். பின்வரிசையில் யாரோ, "மறுபடியும் முட்டைப் பொரியல்தான்" என்று முணுமுணுத்தார்கள். இத்தனை வருஷம் கட்டியது கண்ணெதிரே சரிந்தது. ஆனாலும் நொயெமிக்கு அந்த ஒரு நிமிஷம் மூச்சு விட முடிந்தது. எது போனாலும் போகட்டும், அந்த மனிதனுடையதை அவனிடம் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

மேடையிலிருந்து இறங்கி, ஒரு கோப்பையையும் கரண்டியையும் எவெலியோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவரோ அவள் சொன்னதை இன்னும் புரிந்துகொள்ள முயல்வதுபோல் இருந்தது.

"நீங்க பாருங்க, தோன் எவெலியோ. ஆறித்தான் இருக்கு. உங்களுக்கு என்ன படுதோ அதச் சொல்லுங்க. அதுதான் சரி. அத இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

எவெலியோ உறிஞ்சினார். பழைய சத்தம், கூடமே திரும்பிப் பார்க்கிற சத்தம். வாயில் சுழற்றினார். விழுங்கினார், துப்பவில்லை. மறுபடி ஒரு கரண்டி எடுத்தார். மறுபடி ஒன்று. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனிபால்கூட. கோப்பை காலியானது.

"வருதா?" என்று நொயெமி கேட்டாள். "அந்தக் கிராம்பு வாடை?"

"வருது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வருதுதான் டாக்டர்" என்றார் எவெலியோ. குரலில் பழைய மிடுக்கு எதுவும் இல்லை, வைத்தியரிடம் நோயைச் சொல்கிறவரைப்போலப் பேசினார். "ஆனா அது காப்பியில இருக்கறதால வருதா, நீங்க இருக்குன்னு சொன்னதால வருதான்னு எனக்குத் தெரியல. அன்னிக்கு நீங்க இல்லைன்னு சொன்னீங்க. இல்லைன்னே நம்பிட்டேன். இன்னிக்கு இருக்குன்னு சொல்றீங்க, இருக்கு. நாளைக்கு ஒரு கோப்பைய என் முன்னாடி வெச்சா, நான் யாரப் போய்க் கேக்கறது?"

காலிக் கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்தபடியே அவர் உட்கார்ந்திருந்தார்.